ஒரு வேனும் ஐந்து சாஸ்தாக்களும்

நெல்லைச் சீமையின் சாஸ்தாக்களில் ஐந்து பேரை, அவரவர் குதிரை, மனைவியர் பூரணை, புஷ்கலை, காவல் பூதங்களோடு, பட்டப்பகலில், கல்லிடைக்குறிச்சிக்கு வெளியே ஒரு குப்பைக் கொட்டகைக்குள் வரவழைத்துச் சாட்சி சொல்ல வைத்தவன் நான். மேளமில்லை, ஆராசனை வந்து சாமியாடினவருமில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கேட்பதற்காக வாயைத் திறந்த நேரத்தில் நாலு ஈக்கள் உள்ளே போய், இரண்டுதான் திரும்பி வந்தன. அது தனிக் கதை.

விக்கிரமசிங்கபுரத்தில் இதை ஒருவரும் நம்புவதில்லை. காலமெல்லாம் மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் பேச்சை எவன் நம்புவான்? உத்திரத்தன்று ஒரே டிரிப்பில் நானூறு பேரைக் காரையாறுக்கு ஏற்றிப் போனேன் என்று சொன்னால், "ஆடு, கோழியச் சேத்தா அண்ணாச்சி?" என்று கேட்கிற ஊர். சேர்க்காமல்தான்.

வெளிச்சீமைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு; பேச்சில் சாத்தா. தகப்பன் வழியில் வருவது அது. கட்டிக்கொண்டு வந்தவளுக்குப் புருஷன் வீட்டு சாஸ்தா. அடுத்த வீட்டுக்காரனுக்கு வேறொருவர். அவர் ஏதோ ஒரு குளத்தங்கரையில், எந்த பஸ்ஸும் போகாத இடத்தில் உட்கார்ந்திருப்பார். பங்குனி உத்திரத்தன்று அவரவர் சாஸ்தாவுக்கு முன்னால் அவரவர் போய் நின்றாக வேண்டும். மும்பையில் இட்லிக்கடை வைத்திருப்பவன் வருவான். துபாயில் ஒட்டகத்துக்குப் புல் போடுகிறவன், ஒட்டகத்திடம் சொல்லிவிட்டு வருவான். வராதவன் செத்தவன் ஒருத்தன்தான். அதிலும் ஒருத்தன் என் பஸ்ஸில்... சரி, அது இருக்கட்டும்.

இந்தத் தடவை உத்திரம் ரம்ஜான் நோன்பு மாதத்துக்குள் வந்தது. மார்கழி வெள்ளத்தில் ஆறு கொண்டுவந்து போட்ட மரங்கள் இன்னும் பாறைகளுக்கு நடுவே கிடந்தன. எங்கள் சாஸ்தா காரையாறு சொரிமுத்தையன். எதிர்வீட்டு இசக்கியம்மாவுக்கும் அவர்தான். ஆற்றோரத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கப் பானை ஏற்றியிருந்தாள். பக்கத்தில் ஒரு தேங்காய், ஒரு சீப்புப் பழம், மடித்து வைத்த புது மஞ்சள் துணி. மஞ்சள் துணி பேரனுக்கு. முதல் முடி எடுக்க வேண்டிய பிள்ளை. மகன் பிச்சைக்கண்ணும் மருமகள் முத்துராணியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். காலையில் வர வேண்டியவர்கள். வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது.

"இசக்கி, கடைசி பஸ்ஸு ஆரன் அடிக்கான். கெளம்பு."

"வருவான் அண்ணாச்சி. பானைய எறக்கல பாருங்க."

"போன் போட்டியா?"

"போன் அவன்ட்ட எங்கன இருக்கு? குப்பைக் கொட்டகை மேஸ்திரி தேவேந்திரன்தான் வாங்கி வச்சிருக்கான். கூப்பிட்டா அவந்தான் எடுக்கான். வேல முடியல, அடுத்த வருசம் வருவாங்கங்கான். அடுத்த வருசம் எழுதிக்கிடலாம்னு விட சாத்தா என்ன பள்ளிக்கூடத்துப் பரிச்சையா?"

"முத்துராணிய மட்டுமாவது பிள்ளையோட அனுப்பியிருக்கலாம்லா?"

இசக்கியம்மா அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினாள். "புருசன் வெளிய வந்தா பொண்டாட்டி உள்ள இருக்கணுமாம். பொண்டாட்டி வெளிய வந்தா பிள்ள உள்ள இருக்கணுமாம். வெள்ளத்துல வீட்டுப் பின்சொவரு போச்சே, அதுக்கு முன்பணம் வாங்குனாங்க. தை மாசம் உள்ள போனவங்க. மூணு பேரும் சேந்தாப்புல தெருவுல நின்னு நான் பாக்கல அண்ணாச்சி."

பானை பொங்கியது. நுரை தெற்குப் பக்கமாக, ஆகாத திசையில், வழிந்தது. குலவையிட இசக்கியம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டாள்.

நான் இட்டேன். ஆம்பிளை குலவை. அதைக் கேட்டு, யாரோ ஒருவரிடம் தேங்காய் முறியைப் பறித்துக்கொண்டு போன குரங்கு திரும்பி வந்து அதை உரியவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனது. கண்ணால் பார்த்தேன். இசக்கியம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் பானையைக் கவிழ்த்துத் தீயை அணைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் நூர்முகம்மது வீட்டுக்குப் போனேன். நூரு எனக்குப் பழைய சிநேகிதன். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பழைய இரும்பு வாங்கி, அதை என் பஸ் மேல் ஏற்றிக் காயலாங்கடை நடத்தியவன். இப்போது ஆளே வேறு. நாலைந்து ஊர்களின் குப்பையைக் குத்தகை எடுத்திருக்கும் திருநெல்வேலிக் கம்பெனி ஒன்று, பிரித்த பிளாஸ்டிக்கை இவனிடம் வாங்குகிறது. கல்லிடைக்குறிச்சி வயல்களைத் தாண்டி இவனுக்கு ஒரு கொட்டகை. அங்கே ஆள் பிடித்துப் பிரிக்கும் வேலை தேவேந்திரனுடையது. சரக்கு கொட்டகையிலிருந்து வரும். நூரு கம்பெனிக்கு அனுப்புவான். கத்தாரில் வேலை போய்த் திரும்பி வந்த மகன் உசாமாவும் இந்த வியாபாரத்தை நம்பித்தான் இருக்கிறான். கம்பெனி கையை விட்டால், அப்பனும் மகனும் ஆளுக்கொரு சைக்கிள் வாங்க வேண்டியதுதான்.

அடுக்களையில் அவன் மனைவி சுபைதா பேகம் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. நான் நோன்பாளி இல்லையே. பேச்சைத் தொடங்கும் முன்னே எட்டு வடை தின்றேன். அவள் பதினெட்டு என்பாள்.

"வே நூரு, உம்ம கொட்டகையில ஆளப் பூட்டி வச்சிருக்கானாம்வே."

"யாரு சொன்னா?"

"இசக்கியம்மா. அவ மகன் உத்திரத்துக்கு வரல."

"லீவு கெடச்சிருக்காது."

"துபாய்ல இருந்து வாறான். கூப்பிடு தூரத்துல இருந்து வரமாட்டானா?"

"வே கண்டக்டரே, உத்திரத்துக்கு வராதவன எல்லாம் அடிமைன்னு சொன்னா நான் பொறந்ததுலேருந்து அடிமைதான். நான் என்னைக்கு வந்தேன்?" தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "தேவேந்திரன் ஒழுங்கான ஆளுவே. அப்படி எல்லாம் நடக்காது. கம்பெனியில இருந்து ஒரு மேடம் வருது, சரக்கு குடுக்க எடத்துல எல்லாம் ஆள வதைக்காங்களான்னு பாக்கதுக்கு. இந்த நேரம் பாத்து நீரு கொளுத்திப் போடாதியும்."

"அப்பம் நானும் வாரேன்."

"எதுக்கு?"

"சும்மா. வெயில் பாக்க."

அடுக்களையிலிருந்து சுபைதா வந்தாள். கையில் மாவு. அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"நம்ம உசாமா பாஸ்போர்ட்ட அந்த அரபி வாங்கி வச்சிக்கிட்டான். அவன் நன்னிப் பாட்டி செத்துப்போனப்பக்கூடப் பிள்ளைய அனுப்பல. அன்னைக்கு இந்த முத்தத்துல உருண்டு அழுதது யாரு? நீங்கதான? அப்பம் அந்த அரபியப் பத்தியும் எவனாவது ஒழுங்கான ஆளுன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருப்பான்."

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அது பாலைவனம், இது வயக்காடு. அவ்வளவுதான?" அவள் உள்ளே போகத் திரும்பினாள். வாசல்படியிலேயே நின்று சொன்னாள்: "அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போங்க."

நூரு வடைத் தட்டை என் பக்கமிருந்து தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். "நடக்காத காரியம்" என்றான் மறுபடியும். இந்த முறை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மேடம் வந்த அன்று நூருவின் குட்டியானை லோடு வண்டியில் முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். மேடம் பெயர் ஹெப்சிபா, பாளையங்கோட்டைக்காரி. கம்பெனி ஜீப் வழியில் பஞ்சராகி நின்றதால் குட்டியானையில் ஏறிக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை. பிசான நெல் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்ந்தது. கல்லிடைக்குறிச்சியில் தெருவெல்லாம் அப்பளம் காய்ந்தது. அன்றைய வெயிலில் அப்பளம் எண்ணெயில்லாமலே பொரிந்துகொண்டிருந்தது என்றால் நீங்கள் நம்ப வேண்டாம். ஒன்றை எடுத்துத் தின்ற நான் நம்புகிறேன்.

"இதுக்கு முந்தி போன எடத்துல எல்லாம் எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன்.

"எல்லா எடத்துலயும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க ஐயா. ஒரே மாதிரி வார்த்தையில சொன்னாங்க. அதான் எனக்குத் தூக்கம் வரல."

கொட்டகையின் இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது. முன்னால் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். உள்ளே சுவரில், கஷ்டமிருந்தால் கூப்பிட வேண்டிய எண் போட்ட அட்டை. அதில் தடவிய பசை இன்னும் ஈரமாக இருந்தது. கூப்பிடுவதற்கான போன்தான் எவரிடமும் இல்லை.

நாற்றத்தைப் பற்றி என்ன சொல்ல? புளித்த பாலும் குழந்தைகளின் மூத்திரத் துணியும் மண்ணெண்ணெயும் கலந்து, தகரக் கூரைக்குக் கீழே வெந்து, ஓர் ஆள் மாதிரி எதிரே வந்து நின்று "யார் வேணும்?" என்று கேட்டது. பொதிகை மலையை விட ஒரு முழம் உயரமாகக் குவியல். அதைச் சுற்றிப் பெண்கள் குந்தியிருந்தார்கள். பால் கவர் ஒரு பக்கம், எண்ணெய்க் கவர் ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், மூடி தனியாக. கசக்கிப் பார்ப்பார்கள், சத்தத்தை வைத்துத் தள்ளுவார்கள். உடைந்த ஊசி வந்தால் கையை உதறுவார்கள், பேசமாட்டார்கள். ஆண்கள் பொதியை அமுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிச்சைக்கண்ணு என்னைப் பார்த்தான். பார்க்காதது மாதிரித் திரும்பிக்கொண்டான்.

கூரைக் கம்பியில் ஒரு சேலைத் தொட்டில். முத்துராணி குவியலில் கையை வைத்துக்கொண்டே காலால் அதை ஆட்டினாள். பிள்ளை எட்டிப் பார்த்தான். முதல் முடி. கண்ணை மறைத்து வளர்ந்து, வியர்வையில் திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. குப்பையிலிருந்து எடுத்த ரப்பர் வளையத்தால் உச்சியில் கட்டியிருந்தாள். இதில் கூட்டிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை.

"மாமியா பானை ஏத்துனாங்களா மாமா?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"ஏத்துனா. பொங்கிச்சு."

"எந்தப் பக்கம்?"

"தெக்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹெப்சிபா தேவேந்திரனை வெளியே நிற்கச் சொன்னாள். வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம், சாத்தான்குளத்துப் பேச்சு; பைய நகர்ந்து கதவுக்கு வெளியே போய் நின்றான். எல்லார் கண்ணும் படுகிற இடமாகப் பார்த்து நின்றான். வேலை செய்தவர்கள் ஐந்து குடும்பம். அவள் தரையிலேயே உட்கார்ந்து கேட்டாள்.

"விருப்பப்பட்டுத்தான் வேலை செய்யுதீங்களா?"

"ஆமா மேடம்."

"வெளிய போக வர விடுவாங்களா?"

"விடுவாங்க மேடம்."

"போன், ஆதார் கார்டெல்லாம்?"

"எங்கட்டதான் மேடம் இருக்கு."

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல்தான் எல்லாருக்கும். நூரு என்னை விலாவில் இடித்தான். "பாத்தீரா?" என்றது அவன் முகம்.

"கடைசியா எல்லாருமா எப்பம் வெளிய போனீங்க?" என்றாள் ஹெப்சிபா.

"உத்திரத்துக்குப் போனோம் மேடம்."

இந்தப் பதிலுக்கு மட்டும் தேவேந்திரனால் வெளியே நிற்க முடியவில்லை. பெருமை உள்ளே தள்ளியது. "ஒரே வேன் மேடம். பொண்டு பிள்ளையோட எல்லாத்தையும் ஏத்தி, நானே முன்னால உக்காந்து, தேரிக்குடியிருப்பு கற்குவேல் ஐயனாருக்குக் கூட்டிட்டுப் போனேன். முதலாளி செலவு இல்ல, என் செலவு."

கற்குவேல் ஐயனார் யாருடைய சாஸ்தா? தேவேந்திரனுடையவர். அவசரத்தில் பொய் சொல்கிற எங்களூர்க்காரன் எதை வேண்டுமானாலும் மாற்றிச் சொல்வான். சாஸ்தா பெயர் என்று வரும்போது மட்டும் வாயில் தன்னுடையவர்தான் வருவார். வேறு பெயர் நாக்குக்குப் பழக்கமில்லை. ஐந்து குடும்பத்தையும் ஒரே சாஸ்தாவிடம் கொண்டு நிறுத்திவிட்டான், பாவி. வெளியூர்க்காரனாக இருந்தால் வண்டலூர் மிருகக்காட்சி சாலை என்று சொல்லித் தப்பித்திருப்பான்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். ஈக்கள் போனது அப்போதுதான்.

"ஏ பிச்சக்கண்ணு, உங்க சாத்தா யாருடே?"

பொதி கட்டுகிற சத்தம் நின்றது. பிச்சைக்கண்ணு தேவேந்திரனைப் பார்த்தான். வெளியே போக வர விடுவதைப் பற்றிப் பொய் சொன்னவன்; போனைப் பற்றி, கார்டைப் பற்றி இமைக்காமல் பொய் சொன்னவன். சொல்லிக் கொடுத்த பெயர் அவன் தொண்டை வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். பொண்டாட்டியைப் பார்த்தான். பிள்ளையின் தலையைப் பார்த்தான்.

"சொரிமுத்தையன்" என்றான்.

"கற்குவேல் ஐயனார் இல்லையா?"

"அவரு சாமிதான். எங்க சாத்தா இல்ல. எங்க சாத்தாவ மாத்திச் சொல்ல முடியாது மாமா."

ஹெப்சிபா அடுத்தவளைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே அந்த அம்மாள் சொன்னாள்: "எங்களுக்குக் களக்காடு பக்கம், ஏரி காத்த சாத்தா." அடுத்தவன்: "அருஞ்சுனை காத்தவர்." நாலாவது குடும்பத்துக்காரர் எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மானூருக்கு வடக்க, கொளத்தடிச் சாத்தா."

காரையாறு மேற்கே, மானூர் வடக்கே, அருஞ்சுனை கிழக்கே, களக்காடு தெற்கே. தகரக் கூரைக்கு மேலே குதிரைகள் குளம்படி போட்டு இறங்கின சத்தம் எனக்குக் கேட்டது. வெயிலில் தகரம் விரிகிற சத்தம் என்பான் நூரு.

"தேவேந்திரா, உன் வேனுக்கு நாலு பக்கமும் ஸ்டேரிங்காடே?" என்றேன்.

ஐந்தாவது குடும்பம் ஒரு தனிப் பெண்பிள்ளையும் அவள் தம்பியும். அவளை நான் கேட்கவே இல்லை. மூடிகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள்.

"எங்களுக்குக் கற்குவேல் ஐயனார்தான்."

தேவேந்திரன் முகத்தில் ரத்தம் திரும்பியது. "கேட்டுக்கிடுங்க மேடம்!"

"ஆனா போகல" என்றாள் அவள். அவளுக்கு மட்டும்தான் பொய் சொல்லாமலே பொய்யைக் காப்பாற்ற வழியிருந்தது. அவள்தான் அதைக் கைவிட்டாள். "கும்பிட்டது இந்தச் சொவத்தப் பாத்து."

தேவேந்திரன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மெச்ச வேண்டும், கைதேர்ந்தது. "மேடம், சாத்தா பேர் தெரிஞ்சு என்ன செய்ய? எல்லாருக்கும் பொதுவா ஒரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கோவத்துல இல்லங்காங்க. இந்தப் பெரிய மனுசன் கெளப்பி விடுதாரு. ஊர்ல போய் விசாரிங்க, இவரு பேச்ச நாய்கூட நம்பாது. ஒரு பஸ்ல நானூறு பேர ஏத்துனேம்பாரு."

என் வாய்க்கு முதல் முறையாகப் பூட்டு விழுந்தது. ஏனென்றால் அது உண்மை. ஊரில் விசாரித்தால் நாய் என்ன, தெருவிளக்குக்கூட என்னை நம்பாது. நாளைக்கு இந்த மேடம் போன பிறகு, இந்த ஐந்து குடும்பமும் பேச்சை மாற்றும். மாற்ற வைப்பான். அல்லது ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றி வேறு கொட்டகைக்குக் கொண்டுபோவான். அப்புறம் இசக்கியம்மா எந்த ஆற்றங்கரையில் பானை ஏற்றுவாள்?

முத்துராணி தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். பிள்ளை சிணுங்கினான். அவள் குனியவில்லை. எல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி அந்தக் கதவு பூட்டப்படுமா இல்லையா என்பதுதான் மிச்சம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஹெப்சிபா எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொள்ளவில்லை. நேராக நூருவிடம் போனாள்.

"பாய், இது உங்க எடம். சரக்கு உங்க பேர்ல வருது. நீங்க சொல்லுங்க. இங்கன ஆளப் பூட்டி வச்சிருக்காங்களா?"

"அம்மா, நான்..."

"ஒண்ணு சொல்லிருதேன். இல்லன்னு சொன்னீங்கன்னா, இவங்க சொன்னத எழுதிக்கிட்டுப் போவேன். அவரு மறுப்பாரு, இவங்க மாத்துவாங்க, அதோட போயிரும். ஆமான்னா இங்கன நின்னுக்கிட்டே, கொத்தடிமைகள மீட்க வரச் சொல்லி சப் கலெக்டர் ஆபீசுக்குப் போன் போடுவேன். இன்னையோட உங்க சரக்கு நிக்கும். ஆட்கள அனாதையா விட்டுட்டுக் கம்பெனி ஓடிரக்கூடாதுன்னு என்னால சண்ட போட முடியும். உங்கட்ட மறுபடி வாங்குவாங்களான்னு மட்டும் சத்தியம் பண்ண முடியாது."

தேவேந்திரன் பின்னாலிருந்து சொன்னான்: "மொதலாளி, உசாமாவ நெனச்சுக்கிடுங்க."

நூருவின் நோன்பு வைத்த உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. அவன் என்னைப் பார்த்தான். எதையாவது சொல்லி என்னைக் காப்பாற்று என்கிற பார்வை. எனக்கும் ஆயிரம் பொய் தெரியும். அதில் ஒன்றுகூட அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. நான் குனிந்து காலடியில் கிடந்த எண்ணெய்க் கவரைப் பார்த்தேன்.

"இந்தக் கண்டக்டர் சொல்லுததுல நூத்துக்குத் தொண்ணூறு பொய்யிம்மா" என்று தொடங்கினான் நூரு. எச்சில் இல்லாத தொண்டையைச் செருமினான். "நடக்காத காரியம்னு இவருட்ட நானே சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

"சரி பாய்."

"போன வெள்ளிக்கிழம பள்ளிவாசல் கஞ்சி வாங்கி இங்கன கொண்டாந்தேன். கதவுல பூட்டு தொங்குச்சு. வெளிப்பக்கம். உள்ள பிள்ள அழுத சத்தம் கேட்டுச்சு. நான் கூப்பிட்டேன். இந்தப் பொண்ணுதான் எதுமேலயோ ஏறி நின்னு, சுத்துச் சொவத்துக் கண்ணாடிச் சில்லுக்கு மேல கைய நீட்டி வாளிய வாங்குனா. சாவி யாருட்ட இருக்குன்னு நான் கேக்கல." அவன் தேவேந்திரனைத் திரும்பிப் பார்க்கவில்லை, முத்துராணியைப் பார்த்துத்தான் சொன்னான். "கேட்டாத் தெரிஞ்சிருமேன்னு கேக்கல தாயி."

பிறகு ஹெப்சிபா பக்கம் திரும்பினான்.

"நடந்துச்சும்மா. என் எடத்துலதான் நடந்துச்சு. போன் போடுங்க."